ஒதீல் மாற்றி ஊதிய சங்கு

ஒதீல் பிடிவாதக்காரி என்றால் பெத்தித் ரவீன் கிராமத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள், ஒதீல் உட்பட. முப்பது வருடம் மீன் விற்றவள். படகு கரையேறியதும் பாறைமேல் நின்று சங்கை மூன்று முறை வெட்டி வெட்டி ஊதுவாள். மலைச்சரிவு முழுவதும் சட்டியும் கையுமாக இறங்கி வரும். எடையில் ஏமாற்ற மாட்டாள். பேச்சில் விட்டுக்கொடுக்கவும் மாட்டாள்.

இரண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பரில் மரியா புயல் கரீபியன் தீவான டொமினிக்காவை உரித்துப் போட்டபோது அவள் வீட்டுக் கூரையும் போனது. ஒரு தகரம்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. சங்கு மட்டும் அடுப்படி மூலையில் சேற்றுக்குள் கிடந்தது. அன்று முதல் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடித்தனம். ஜனவரியில் மாதா கோயில் மூலமாகப் புதுத் தகரம், மரம், ஆணி, காற்று தூக்காமல் கூரையைப் பிடித்துக்கொள்ளும் இரும்புப் பட்டை எல்லாம் வந்து இறங்கின. வேலியோரம் அடுக்கியது அடுக்கியபடியே கிடந்தது. ஏணியில் ஏற ஆளில்லையா? ஊரே இருந்தது. சிக்கல் அதுவல்ல.

அங்கே கூரை ஏறுவது கூத்மே போட்டுத்தான். கைகொடுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அடிமை விலங்கு கழன்ற காலத்தில் அந்தத் தீவு மக்களின் முன்னோரிடம் மிச்சம் இருந்தது கைகள் மட்டும்தான்; ஒருவன் கூரைக்கு எல்லோரும் ஏறினார்கள், பிறகு அடுத்தவன் கூரைக்கு. அதற்கும் முன்னால், மலைக்குத் தப்பி ஓடியவர்கள் சிப்பாய்கள் வருவதை ஒருவருக்கொருவர் சொன்னதும் இதே மாதிரிச் சங்கு ஊதித்தான். கூத்மேக்கு வீட்டுக்காரர்தான் நீளமாக ஓர் ஊதல் ஊதிக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் சுத்தியலோடு போய் நின்றால், உனக்கு வக்கில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. கூலி கிடையாது, ஆனால் வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் சோறு போட வேண்டும்.

அங்கேதான் ஒதீல் மாட்டிக்கொண்டாள். சீமைப்பலா மரங்கள் வேரோடு சாய்ந்துவிட்டன. படகுகள் நொறுங்கிப் போனதால் மீனும் இல்லை. இருபது பேருக்கு எதைப் போடுவது? பதினொரு வீட்டுக் கூரைக்குப் போய் ஆணி எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் சுமந்தாள், தன் வீட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அவள் ஊதட்டும் என்று ஊர் காத்திருந்தது. பானை நிறையட்டும் என்று அவள் காத்திருந்தாள். இப்படியே, புயல் போய் எட்டு மாதம் ஓடிவிட்டது.

இதெல்லாம் அப்பனிடமிருந்து வந்த ரோஷம். எழுபத்தொன்பதில் டேவிட் புயல் வந்தபோது அவருக்கும் கூரை போனது. "வெறும் பானைய வச்சுக்கிட்டு ஊரக் கூப்பிடுறதா?" என்றார். இதே சங்கு சுவரில் தொங்கியது, ஊதவில்லை. குடும்பம் மச்சான் வீட்டுச் சமையற்கட்டில் ஒண்டிக்கொண்டது. ஆறு வருடம் கழித்து அங்கேயே கண்ணை மூடினார். சொந்த வீட்டுச் சுவர்மேல் கொடி ஏறியதைப் பன்னிரண்டு வயதில் பார்த்தவள் ஒதீல். பார்த்தும் என்ன பயன், அதே வழியில்தான் நடந்துகொண்டிருந்தாள்.

மே மாதக் கடைசி வந்துவிட்டது. ஜூன் பிறந்தால் அடுத்த புயல் காலம். பக்கத்துத் தீவான குவாதலூப்பிலிருந்து மகள் மர்லீன் போனில் கத்தினாள்.

"சனிக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் போட்டாச்சு. பேசாம கெளம்பி வாம்மா."

"உன் வீட்டு அடுப்படியில எனக்கு என்னடி வேலை?"

"அப்ப தார்ப்பாய்க்குக் கீழ இன்னொரு புயலப் பாக்கப் போறியா?"

மகள் சொன்னதில் தப்பில்லை; அதுதான் வலித்தது. போனால் திரும்பமாட்டோம் என்று ஒதீலுக்கு நன்றாகத் தெரியும்.

வியாழன் காலை, வீட்டில் இருந்த வாழைக்காய் அத்தனையையும் ஒரே பானையில் போட்டு வேகவைத்தாள். ஆளுக்கு இரண்டு துண்டு தேறினால் பெரிது. ஆவது ஆகட்டும் என்று சங்கை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறினாள். நீளமாக ஓர் ஊதல் என்றுதான் நினைத்தாள். மூச்சு நடுவிலேயே அறுந்தது. முப்பது வருடப் பழக்கம் வேறு. சங்கு மூன்று முறை வெட்டி வெட்டிக் கத்தியது.

எட்டு மாதமாகப் பச்சை மீனைக் கண்ணால்கூடப் பார்க்காத ஊர் சும்மா இருக்குமா? கால்மணி நேரத்தில் சட்டி, வாளி, குண்டான் சகிதம் திபுதிபுவென்று இறங்கி வந்தது. முன்னால் ரொட்டி சுடும் ஃபிலோமென். அவள் வாய்க்குப் பூட்டு இன்னும் யாரும் செய்யவில்லை. பின்னால் தச்சர் தியோதூல், அறுபதைத் தொடப் போகிறவர். அவர் கையிலும் ஒரு டப்பா.

"சூரையா, கோலாவா?" என்றாள் ஃபிலோமென் மூச்சிரைக்க.

"மீன் இல்ல."

"படகு?"

"படகும் இல்ல."

"அடியே ஒதீல், கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? எண்ணெயக் காய வச்சிட்டு வந்திருக்கேன்!"

ஒதீலுக்குக் காதெல்லாம் சூடானது. எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

"மாத்தி ஊதிட்டேன்," என்றாள். "கூரைக்குத்தான் கூப்பிட்டேன். ஆனா வாழைக்காய் மட்டுந்தான் இருக்கு. ஆளுக்கு ரெண்டு துண்டு."

 தியோதூல் டப்பாவைக் கீழே வைத்தார்.

"உப்புப் போட்டியா?"

"போட்டேன்."

"அப்புறம் என்ன? போறப்ப வர்றப்பல்லாம் அந்தத் தகரத்தப் பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப்போச்சு. டேய், சுத்தியல எடுத்துட்டு வாங்கடா!"

"சட்டி சும்மா வந்துட்டுப் போச்சுன்னா என் புருஷன் ஒரு வாரம் சிரிப்பாரு," என்றாள் ஃபிலோமென். "இரு, வீட்டுல என்ன கெடக்குன்னு பாத்து அள்ளிட்டு வரேன்."

சட்டிகள் மலையேறிப் போய்ச் சேப்பங்கிழங்கும் கருவாடும் ரொட்டியுமாகத் திரும்பின. ஆனால் ஒரு விஷயத்தில் தியோதூல் கறாராக இருந்தார். முதல் வாய் ஒதீலின் பானையிலிருந்துதான். இருபத்திரண்டு பேரும் அவள் கையால் இரண்டு துண்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் ஏணியைத் தொட்டார்கள்.

மத்தியானம் உத்தரத்தில் இரும்புப் பட்டையை முடுக்கிவிட்டு இறங்கிய தியோதூல் அவளருகில் உட்கார்ந்தார்.

"உங்கப்பனும் ஊதியிருக்கலாம் ஒதீல்."

"அவர்கிட்ட வாழைக்காய்கூட இல்ல."

"யாருகிட்ட இருந்துச்சு? எனக்கு அப்ப இருவது வயசு. நாங்க பத்துப் பேரு சுத்தியல இடுப்புல சொருகிக்கிட்டு உங்க தெருமுனையில ஒரு வாரம் நின்னோம். எப்ப ஊதுவாரு, எப்ப ஊதுவாருன்னு. கடைசி வரைக்கும் ஊதவே இல்ல."

ஒதீல் மீதித் தகரத்தின்மேல் உட்கார்ந்தபடியே வாய்விட்டு அழுதாள். அப்பாவுக்காகத்தான் அழுதாள். தெருமுனைவரை ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் போதுமே, மனுஷன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாலு பக்கமும் சரிந்து இறங்கிய கூரையில் கடைசி ஆணி ஏறியது. போன் அடித்தது.

"பெட்டி கட்டிட்டியாம்மா?"

"நான் வரல. நீ கெளம்பி வா. வர்றப்ப அரிசியும் கறியும் வாங்கிட்டு வா. இருபத்திரண்டு பேருக்குச் சோறு போடணும்."

 அம்மா இதுவரை மர்லீனிடம் ஓர் ஊசிகூடக் கேட்டதில்லை.

"நீயா கேக்குற?"

"நான்தான்டி கேக்குறேன்," என்றாள் ஒதீல்.