கனைக்கிற பெட்டி

என் தங்கையின் கணவர் புதுச்சேரியில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருக்கிறார். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்று போய்வருவார். இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு சரக்குக் கப்பல் அந்தப் படகை ஒட்டிப் போனது. கப்பலிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலில் நின்றது முழங்கால் வரைக்கும்தான். ஆனாலும் கரண்டில் ஓடும் எதை வாங்குவதென்றாலும் குடும்பத்தில் என்னைத்தான் கேட்பார்கள். கேட்காததால் இந்தத் தடவை, படகுக்கு ஒரு கருவி வாங்கச் சொல்லி நானே நச்சரித்தேன். சென்னைக் கடைக்காரர் இரண்டு பெட்டிகளை அனுப்பி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பியனுப்பச் சொன்னார்.

கப்பல்கள் தங்கள் பேர், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகுமாம். ஒரு பெட்டி அதைக் கேட்டுத் திரையில் காட்டும். இன்னொன்று கேட்கும், கூடவே, நாம் இங்கே இருக்கிறோம் என்று கப்பலுக்குச் சொல்லவும் செய்யும். விலை ஜாஸ்தி.

"கேக்கறதே போதும் மச்சான்," என்றார் மாப்பிள்ளை போனில். "கப்பல் வர்றது தெரிஞ்சா ஒதுங்கிக்கப் போறேன். காத்து இருக்குதில்ல?"

"காத்து நின்னுட்டா?"

"ஒங்களுக்கு நல்லதே தோணாதா மச்சான்?"

தங்கை போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நம்ம வூட்ல கீத்துத் தட்டி மறைப்புலதான குளிச்சோம்? கதவு ஏது? நீ உள்ள இருக்கச்சொல்ல யாராச்சும் வந்தா இன்னா பண்ணுவ?"

"கனைப்பேன்."

"காலடிச் சத்தத்தக் கேட்டுக்கினு கம்முனு ஒக்காந்திருப்பியா?"

"அதெப்படி இருப்பேன்?"

"அப்ப கனைக்கிற பெட்டியே வாங்கு."

"அது கனைக்குதான்னு மொதல்ல பாக்கணும்," என்றேன்.

கடை மேசையில் வைத்துப் பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் கப்பல் எதுவும் தட்டுப்படவில்லை. பெட்டியின் கோளாறா, ஊரின் கோளாறா என்று தெரியவில்லை. சிக்னல் இல்லையென்றால் உயரத்துக்குப் போவது ஆண்டெனா கட்டிய காலத்துப் பழக்கம். இரண்டையும் ஜீப்பில் வைத்துக்கொண்டு கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குக் கிளம்பினேன்.

மலையடிவாரத்தில் இடஒதுக்கீடு கேட்டு மறியல். கொடி பிடித்திருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பெட்டியில இன்னா?"

"படகுக்குங்க. கப்பல் மோதாம இருக்கறதுக்கு."

"எங்க எடுத்துக்கினு போற?"

"மலைக்குங்க."

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "வுட்ருப்பா. இவரு பிரச்சின வேற," என்றார்.

மேலே, கிழக்கே திறந்திருந்த ஒரு பாறையில் பெட்டிகளை வைத்து ஜீப் பேட்டரியில் இணைத்தேன். கேட்கிற பெட்டியில் வங்கக் கடலின் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வந்துகொண்டே இருந்தன. நான் பயந்திருந்தது கம்மி என்று தெரிந்தது. படகின் பேரை ஏற்றியிருந்த அடுத்த பெட்டியையும் போட்டுவிட்டு, கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடத்தைப் போனில் திறக்கும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

கடல் முழுக்கத் தேடிவிட்டுத்தான் அவர் மறுபடி கூப்பிட்டார்.

"மச்சான், நம்ம படகு கல்வராயன் மல மேல நிக்குது."

பின்னாலிருந்து தங்கையின் குரல்: "கனைக்குதாண்ணா?"

"கனைக்குதும்மா."

எந்தக் கப்பல்காரனாவது மலைமேல் படகைப் பார்த்துக் குழம்பி வழி மாறிவிடப் போகிறானே என்று உடனே அணைத்துவிட்டேன். கேட்க மட்டும் தெரிந்த பெட்டி சென்னைக்குத் திரும்பியது.

இப்போது கடையில் உட்கார்ந்தபடியே போனில் படகின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புள்ளி காணாமல் போனால் தங்கையைக் கூப்பிடுவேன்.

"கரைக்கு வந்து அணைச்சிட்டாருண்ணா. குளிச்சிக்கினு இருக்காரு," என்பாள்.

அவர் கனைப்பது கேட்கும் வரை நான் போனை வைப்பதில்லை.