பெட்டிக்கு அடியில் ஒரு பொத்தான்

என் அத்தான் சூதாட்டத்தை விட்டு மூன்று வருடங்கள் ஆன பிறகு, அவரைத் திரும்பவும் அதன் வாசலில் கொண்டுபோய் விட்டவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். பல நாள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன், மனம் ஒத்துக்கொள்ளவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். சுவிஸில், வின்டர்தூர் நகரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் பஸ்ஸில் பத்து நிமிடம். நாட்டுக்கு வந்த புதிதில் அவர் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். அந்தக் காலத்தில் இங்கே உணவக மூலைகளில் காசு போட்டு ஆடுகிற சூதாட்ட இயந்திரங்கள் நிற்கும். வேலை முடிந்ததும் அதன் முன்னால் போய் நிற்பார். பிறகு சட்டம் வந்து அவற்றைத் தூக்கிவிட்டார்கள், அத்தான் கசினோவுக்குப் போகத் தொடங்கினார். அந்த வருடங்களில் அக்கா போன் மணி கேட்டாலும் எடுக்காமல் விடுகிறவளாக ஆகியிருந்தாள். கடைசியில் ஒருநாள், தன்னை எந்தக் கசினோவுக்குள்ளும் விடக்கூடாது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பின் இந்த நாட்டில் எந்தக் கசினோக் கதவும் அவருக்குத் திறக்காது. அக்கா மெலிந்த உடம்பு தேறி, பழையபடி வாய்காட்டத் தொடங்கினாள்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. தொழிற்சாலையில் எனக்கு மின்பலகைகளைச் சோதிக்கும் வேலை. நாள் முழுக்க யாரோ செய்ததில் பிழை பிடிக்கிற சீவியம் அலுத்துப் போனது. ஒருநாள் இணையத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டேன். இங்கிலாந்தின் மதுக்கடைகளில் நின்ற பழைய பழ இயந்திரங்களை வீட்டில் மறுபடி உயிர்ப்பிக்கிறவர்கள். மூன்று உருளைகள் சுழன்று நிற்கும், மூன்றிலும் ஒரே பழம் வந்தால் வெற்றி. இயந்திரத்தின் சிப்பில் எழுதியிருந்த புரோகிராமைப் பிரதி எடுத்து, கணினியில் எமுலேட்டர் என்ற மென்பொருளுக்குள் ஓடவிடுவார்கள். புரோகிராம் தான் இன்னும் பழைய இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும்.

கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு சின்ன அறை கிடைத்தது. மேல் வீட்டுக்காரர் கழற்றி எறிந்த குசினி அலுமாரிப் பலகையில் பெட்டி அடித்தேன். மேலே ஒரு திரை, நடுவில் ஒரு திரை, கீழே எரிகிற உண்மையான பொத்தான்கள். திரையில் தெரிகிற பழைய இயந்திரத்தின் கண்ணாடி முகப்புக்குள் இருநூறுக்கு மேற்பட்ட விளக்குகள். எந்த எண் எந்த விளக்கு என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றாக எரியவிட்டு, பார்த்து, குறித்து, ஒரு பனிக்காலம் அதிலேயே போனது. பிறகு உருளைகளில் கை வைத்தேன். செரிப்பழத்தை எடுத்துவிட்டு மாம்பழம் வரைந்து போட்டேன். பிளம்ஸ் இருந்த இடத்தில் பலாச்சுளை. எலுமிச்சையை விட்டுவிட்டேன், அது எங்களுக்கும் சொந்தம்தானே.

என் கணவருக்கு அது "உந்தச் சனியன்". ஆனால் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தபோது, சனியனையும் கொண்டு வா என்றார். எல்லாரும் படம் பிடிக்கிற கூடாரம் வைக்கிறார்கள், நாங்கள் புதிதாக ஒன்று வைப்போமே என்று அவருக்கு ஆசை. வெல்கிறவர்களுக்குச் சொக்லேட்டும் பிளாஸ்டிக் டப்பாக்களும் பரிசு.

வருகிறவர்கள் தோற்றுக்கொண்டு நின்றால் விழா சோர்ந்துவிடும். அதற்காகத்தான் அந்தப் பொத்தான். இந்த இயந்திரங்களுக்கு ஒரு மனநிலை உண்டு. நெடுநேரம் பிடித்து வைத்திருந்துவிட்டு, பிறகு கொடுக்கும். அதன் நினைவு முழுவதும் கணினியில் ஒரு சின்னக் கோப்பாகக் கிடக்கிறது. அது கொடுக்கத் தயாராக நின்ற நேரங்கள் சிலவற்றை நான் பிரதி எடுத்து வைத்தேன். பெட்டிக்கு அடியில், வலது பக்கம், என் கைக்கு மட்டும் எட்டும்படி ஒரு பொத்தான் பூட்டினேன். அதை அழுத்தினால் இயந்திரம் அந்த நேரங்களில் ஒன்றுக்குத் திரும்பிப் போகும். அடுத்த சுற்றில் மாம்பழம் மூன்றும் வந்து நிற்கும். இந்த விஷயம் என் கணவருக்கும் தெரியாது.

விழாவுக்கு முந்திய வாரம் அக்கா நிலவறைக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். தொடவில்லை.

"இவர் உதிலை கை வைச்சா ஒண்டும் வராதோடி?"

"காசு போட ஓட்டையே இல்லாத பெட்டி, அக்கா. உதிலை என்ன வரப்போகுது?"

அவள் தலையாட்டினாள். இயந்திர விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு இல்லை.

விழாவில் அத்தான் பெட்டிக்குக் கிட்டவும் வரவில்லை. மண்டபத்தின் மறுபக்கம், சாப்பாட்டு மேசையடியில் நின்றார். சின்னப்பிள்ளைகள் வென்றார்கள், கத்தினார்கள், சொக்லேட்டோடு ஓடினார்கள். பெரியவர்கள் "நல்ல விளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பனிக்காலம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகத் தேடியிருக்கிறேன், இவர்களுக்கு அது சொக்லேட் தருகிற பெட்டி. அந்த மண்டபத்தில் என் வேலையின் தரம் தெரிந்த ஒரே மனிதர் அத்தான்தான். அதனால்தான் அவரைக் கூப்பிட்டேன். வேறு எந்த நல்ல காரணமும் இல்லை.

"அத்தான், ஒருக்கா அமத்திப் பாருங்கோவன்."

"வேண்டாம் மச்சாள். நான் உதெல்லாம் விட்டிட்டன்."

"சின்னப்பிள்ளையளே விளையாடுதுகள். சும்மா வாங்கோ."

வந்தார். உடனே அழுத்தவில்லை. தலையைச் சரித்துச் சத்தத்தைக் கேட்டார். ஓர் உருளை நிற்பதற்கு முன்னால் வருகிற அந்தச் சின்ன இடைவெளியைக் கவனித்தார். "சத்தம் சரியா இருக்கு," என்றார் மெதுவாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கையைக் கீழே விட்டுப் பொத்தானை அழுத்தினேன். மாம்பழம், மாம்பழம், மாம்பழம்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னொரு தரம் அழுத்தினேன். பிறகு இன்னொரு தரம். சனம் கூடிவிட்டது. வென்றதும் கைதட்டினார்கள், எண்ணத் தொடங்கினார்கள். அவர் தோற்றால் கூட்டம் கலைந்துவிடுமே என்று மறுபடியும் இரண்டு தரம் அழுத்தினேன். ஒரு வயதான அம்மா அவருடைய வலது கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"என்ன கைராசி தம்பி உங்களுக்கு! நானும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் எடுத்தேன் என்பதும் உண்மை. ஆனால் சொன்னால் பிள்ளைகளின் பரிசும் பொய்யாகிவிடும், என் பெட்டியும் ஏமாற்றுப் பெட்டியாகிவிடும். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் சித்திரை வருடப்பிறப்பு. அன்றைக்கு நல்ல கை உள்ளவரிடம் கைவிசேஷம் வாங்கினால் அந்த வருடம் தழைக்கும் என்று எங்கள் சனம் நம்புகிறது. அக்கா வீட்டுக்குப் போனால், வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான். அத்தான் பட்டு வேட்டியோடு இருந்து, வெற்றிலையில் நாணயம் வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பலசரக்குக் கடை திறக்கவிருந்த ஒருவர், முதல் வியாபாரத்துக்கு நீங்கள்தான் வரவேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு போனார்.

"என்ரை மனுசனைச் சனம் தேடி வருது, பாத்தியோ?" என்று அக்கா குசினிக்குள் என் தோளில் இடித்தாள். எத்தனை வருடம் அவளைப் பார்த்துச் சனம் குசுகுசுத்தது என்று எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக் கொடுத்தேன்.

வெளிக்கிடும்போது அத்தான் பஸ் தரிப்பு வரைக்கும் கூட வந்தார். பெருவிரலைச் சுட்டுவிரலோடு தேய்த்துக்கொண்டே நடந்தார்.

"மச்சாள், உங்கடை பெட்டிக்குள்ளை ஓடுறது உண்மையான மெசினின்ரை புரோகிராம்தானோ?"

"ஓம் அத்தான். பழத்தின்ரை படம் மட்டும்தான் நான் மாத்தினது. புரோகிராமிலை ஒரு எழுத்தும் தொடேல்லை."

பெருமையாகச் சொன்னேன். அந்த இணையக் கூட்டத்தில் அதுதான் எங்கள் மானம். பழைய புரோகிராமைத் தொடுகிறவளை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள்.

"அப்ப உண்மையான மெசினிலையும் எனக்கு இப்பிடித்தான் விழுந்திருக்கும்," என்றார்.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் தரிப்பிலேயே நின்று தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அவரை நிலவறைக்குக் கூப்பிட்டேன். பக்கத்து அறையில் யாருடையதோ உடுப்பு மெசினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியைச் சரித்து, அடியில் இருந்த பொத்தானைக் காட்டினேன். நான் அழுத்திவிட்டு அவரை விளையாடச் சொன்னேன், மாம்பழம் வந்தது. நான் அழுத்திவிட்டு நானே விளையாடினேன், அப்போதும் மாம்பழம் வந்தது. அழுத்தாமல் விளையாடச் சொன்னேன், எலுமிச்சையும் பலாவும் கலந்து வந்தன.

"அண்டைக்கு வென்றது நீங்களில்லை அத்தான். நான்தான் அமத்தினனான். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுது முடித்து ஆறியிருப்பேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"எத்தினை தரம் அமத்தினீங்கள்?"

"ஐஞ்சு தரம்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஐஞ்சுதான் அத்தான். நல்லாத் தெரியும்."

"நான் எட்டுத் தரம் வென்றனான். சனமே சேந்து எண்ணினது." அவர் என்னை நேராகப் பார்த்தார். "மற்ற மூண்டும்?"

என்னிடம் பதில் இருந்தது. இயந்திரம் ஒரு தரம் கொடுக்கத் தொடங்கினால் சிலவேளை தானாகவே இன்னும் இரண்டு மூன்று விழும். விழும் என்று சொல்லத்தான் முடியுமே தவிர, காட்ட முடியாது.

"அது... சும்மா அப்பிடி வரும், அத்தான்."

"ஓம். அதைத்தான் நானும் சொல்லுறன். சும்மா அப்பிடி வருது."

எழும்பினார். கதவடியில் நின்று, "அக்காவுக்கு உதைச் சொல்லாதேங்கோ. அவ இப்பத்தான் சிரிக்கிறா," என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது, ஓம் என்றேன். தடை இந்த நாட்டுக்குள் இருக்கிறதுதானே, அவர் எங்கே போய்விடுவார் என்று என்னையே சமாதானப்படுத்திக் கொண்டேன். ஜெர்மன் எல்லை எங்களிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதும், அதற்கு அப்பால் அந்தத் தடை செல்லாது என்பதும் எனக்குத் தெரியாதவையல்ல. அங்கேதான் மாதம் ஒருதரம் இறைச்சி வாங்கப் போகிறோம்.

அதன் பிறகு அவர் நிலவறைக்கு வரவில்லை. கோடை முழுவதும் கண்டால் சிரித்தார், சுகம் விசாரித்தார். நானும் விசாரித்தேன். அந்தப் பெட்டியை நான் திரும்ப இயக்கவேயில்லை.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"இவர் உன்னட்டைத்தானே நிக்கிறார்? போனை எடுக்கிறாரில்லை. உன்ரை நிலவறையிலை சிக்னல் இல்லையாக்கும்."

"ஓம்," என்றேன். யோசிக்கும் முன்பே வாயில் வந்துவிட்டது.

"நல்லது. சனிக்கிழமையிலை இவர் வெளிக்கிட்டா முந்தியெல்லாம் நெஞ்சு படபடக்கும். உன்ரை பெட்டியடியிலைதானே எண்டு இப்ப நிம்மதியா நித்திரை கொள்ளுறன். ஒருக்கா அவரிட்டைக் குடு, வரேக்கை பால் வாங்கச் சொல்ல வேணும்."

பால் கோப்பை ஒன்று என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் குசினியைச் சுற்றிப் பார்த்தேன்.

"அக்கா, அவர் இஞ்சை இல்லை."

"கீழை போய்க் கூப்பிடன்."

"கீழையும் இல்லை அக்கா. அவர் ஏப்ரலிலை ஒருக்கா வந்தவர். பிறகு வரேல்லை."

அவள் அலுமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கிழமையும் வெளிக்கிடுறவர்," என்றாள். "தங்கச்சி வீட்டை போக என்னத்துக்குப் பாஸ்போட் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. உன்னட்டைப் போறன் எண்டாத்தானே நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானைப் பற்றி, ஐந்து தரத்தைப் பற்றி, எட்டைப் பற்றி, ஏன் அவரைக் கூப்பிட்டேன் என்பதைப் பற்றி. வேகவேகமாகச் சொன்னேன், நடுவில் அழுதேன். அவள் அழவில்லை, ஏசவுமில்லை. நான் முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு மண்டபத்திலையே சொல்லியிருந்தியெண்டா," என்றாள், "எல்லாரும் சிரிச்சிருப்பினம். அவரும் சிரிச்சிருப்பார்."

பிறகு போனை வைத்துவிட்டாள்.