கடைசி ஆள் சாத்துகிற கேட்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பூங்காவின் பின்வாசலில் கூடுகிற கும்பலில் எல்லாருக்கும் முன்னால் ஓடத்தான் ஆசை. வெல்டருக்கு மட்டும் கடைசியில்தான் ஓட வேண்டும். ஆசை என்பதைவிடப் பிடிவாதம் என்றே சொல்லிவிடலாம். ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்துகொள்வார். எல்லாரும் கிளம்பி, கடைசி முதுகும் நகர்ந்த பிறகுதான் நிமிர்வார். யாராவது புது ஆள் மரியாதைக்காக ஒதுங்கி நின்று, முதலில் போங்கள் என்று வழிவிட்டால் போச்சு. இவர் முறைக்கிற முறைப்பில் அந்த ஆள் ஏரிக்கரை தாண்டும்வரை திரும்பிப் பார்க்க மாட்டார்.

பாதை அழகான பாதை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏரிக்கரையோரமாகப் போய், நெட்டை மரங்களுக்கு நடுவே நுழைந்து, பூங்கா வேலி முடிகிற இடத்தில் ஒரு பால் பண்ணையின் மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கும். பனியில் நிற்கிற மாடுகள், இந்த ஜனங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்கிற மாதிரி பார்க்கும். நிலத்துக்குள் நுழைய ஒரு இரும்பு கேட், மறுகோடியில் வெளியேற இன்னொன்று. அப்புறம் ஒரு மேடு, ஓடை, மரப்பாலம். சுற்றி வந்தால் மறுபடி பூங்கா பெஞ்சுகள். பண்ணைக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கடைசியாகப் போகிறவர் கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும்.

ஒரு காலத்தில் வெல்டர்தான் முதலில் வருவார். அவரைத் தொட ஆள் கிடையாது, அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து கிடந்த அண்ணனை, தொப்பை குறையும் வா வா என்று நச்சரித்து இழுத்து வந்ததும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முதலில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கே உங்கள் அண்ணன் என்று யாரோ கேட்டார்கள். "அவரு வர்றதுக்குள்ள இன்னொரு டீ குடிச்சிடலாம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் அப்போது இரண்டாவது கேட்டுக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்தபடி கவிழ்ந்து கிடந்தார். மாடு ஓட்டிவந்த பண்ணைப் பெண்தான் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். உயிர் உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடக்கம் முடிந்து பட்டறையைத் திறந்தவர், காத்துக்கிடந்த ஜன்னல் கம்பி வேலையையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, கனமான இரும்புப் பட்டையை வெட்டி இரண்டு தாழ்ப்பாள் செய்தார். கேட்டை இழுத்துச் சாத்தினால் தாழ்ப்பாள் தானாக விழும். விழுகிற சத்தம் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி மேடு வரைக்கும் கேட்கும். மாடு மிரளும் என்று பண்ணைக்காரர் முனகினார். வெல்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் கும்பலைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டார்: மேட்டில் எல்லாரும் நிற்க வேண்டும், சத்தம் கேட்டால் யாரும் பின்னால் விழுந்துவிடவில்லை என்று அர்த்தம், கேட்காவிட்டால் அத்தனை பேரும் திரும்பி ஓடிவர வேண்டும். அன்றிலிருந்து கேட்டைச் சாத்துகிற வேலை அவருடையது. வேறு கை அந்தத் தாழ்ப்பாளைத் தொட விட்டதில்லை.

பல வருஷம் கழித்து வந்து சேர்ந்தவள் எக்ஸ்பிரஸ். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற லாண்டரியில் நாள் முழுக்க நின்றபடியே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். புருஷன் போன பிறகு உடம்பு கூடிப்போய், டாக்டர் ஓடச் சொல்லி வந்தாள். நடையா ஓட்டமா என்று பார்க்கிறவர்களுக்குப் பிடிபடாத வேகம். வந்த வாரமே பேர் வைத்துவிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் மேடு ஏறும்போது கால் வராமல் நின்று, நீங்கள் போய்விடுங்கள், என்னால் எல்லாருக்கும் தொல்லை என்று அழுதாள்.

"நான் போக மாட்டேன்," என்றார் வெல்டர். "நீ எவ்வளவு மெதுவா வந்தாலும் வா. கடைசி ஆள் நீ இல்ல, நான்தான்."

அதற்கப்புறம் அவள் ஒரு ஞாயிறு தவறவில்லை. அண்ணே அண்ணே என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முன்னால் போவாள், இவர் உம் கொட்டிக்கொண்டு பின்னால் வருவார்.

வெல்டிங் புகை சும்மா விடுமா? நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. எக்ஸ்ரேவைப் பார்த்த டாக்டர், நடக்கலாம், ஓடக் கூடாது, தனியாக எங்கேயும் போகவே கூடாது என்றார். வீட்டில் வந்து, நடக்கச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொண்டார் வெல்டர். இரவெல்லாம் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு இருமுகிற ஆளோடு படுக்கிறவளுக்கு மீதி தெரியாதா? ஷூவை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்துவைத்தாள் மனைவி. அவர் தேடி எடுத்துவிட்டார். சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

"போங்க," என்றாள். "இந்த வீட்டுல இன்னொரு தடவை அதே மாதிரி சேதி வரணும்னா வரட்டும்."

அவர் போனார். முன்பு எக்ஸ்பிரஸை ஒட்டியே ஓடியவருக்கு இப்போது அவளுடைய முதுகு தூரத்தில் தெரிந்தது. ஆனாலும் முழுக்க மறையவில்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை அவள் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருப்பாள். இவர் நெருங்கியதும் எழுந்து ஓடுவாள். ஒரு நாள் மரங்களுக்கு நடுவே வளைவில் திரும்பியபோதுதான் பார்த்தார். இரட்டை முடிச்சாக இறுகக் கட்டியிருந்த லேஸை அவளே அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்குச் சுரீரென்று ஏறியது. அது அவருடைய வித்தை. அவரிடமே காட்டுகிறாள். எனக்கு நீ காவலா என்று கத்த வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. அடுத்த ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை.

லாண்டரி வேலை முடிந்து கஞ்சி வாசனையோடு பட்டறைக்கே வந்துவிட்டாள் எக்ஸ்பிரஸ். பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று வெல்டர் கிரைண்டரைப் போட்டு ஒரு கம்பியைத் தேய் தேய் என்று தேய்த்தார். கம்பி தீர்கிறவரைக்கும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நீங்க என் பின்னாடி விழுந்தா எனக்குக் கேக்காது," என்றாள். "கேட் சத்தம் வரலைன்னு மேட்டுல இருக்கறவங்க திரும்பி ஓடி வர்றதுக்குள்ள..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

"எங்கண்ணன் கிடந்த இடம் அது. அங்க கடைசியா நான்தான் நிக்கணும்."

"நின்னது போதும்ணே. எங்க எல்லாரையும் கேட்டுக்கு அந்தப் பக்கம் தாட்டி விட்டுட்டீங்க. உங்களைத் தாட்டி விட ஆள் வேண்டாமா?"

எதிரில் பற்றவைக்க ஒன்றுமே இல்லாதபோதும் வெல்டர் முகமூடியை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளே அழுகிறார் என்று தோள் குலுங்கியதிலேயே அவளுக்குத் தெரிந்தது. தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெல்டர் லேஸ் கட்டக் குனியவில்லை. ஓடவுமில்லை, நடந்தார். கும்பல் முன்னால் போய்விட்டது. எக்ஸ்பிரஸ் அவருக்குப் பின்னால் வந்தாள். முதல் கேட்டில் நின்று, லேசாகத் தூக்கி இழு, பட்டென்று விடாதே என்று அவளை ஒரு பாடு திட்டிவிட்டே நகர்ந்தார். இரண்டாவது கேட் வந்தது. ஓரத்தில் அண்ணன் கிடந்த இடத்தில் புல் மற்ற இடங்களைப் போலவே வளர்ந்திருந்தது. கை பழக்கத்தில் தாழ்ப்பாளுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி நடந்தார்.

நாலு எட்டு போவதற்குள் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் அவருடைய கைக்குள்தான் விழுந்திருக்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. அது இப்படி இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பின்னால் ஒரு ஆள் இருக்கிறது என்கிற சத்தம். அன்றைக்கு அண்ணனுக்கு இது ஒரே ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தார். நினைத்ததும் தாங்கவில்லை, பாதை நடுவில் நின்று வாய்விட்டு அழுதார்.

எக்ஸ்பிரஸ் அவரைத் தாண்டி வரவில்லை. பின்னாலேயே நின்றாள்.

"மெதுவாவே போங்கண்ணே," என்றாள். "நான் இருக்கேன்."

மேட்டின் மேல் கும்பல் காத்துக்கொண்டிருந்தது. வெல்டர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறத் தொடங்கினார்.