பின்வாசல் வழியாக வேலைக்குப் போன காலம்

1. திரும்பி வந்த நாள்

விபத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். ஓ.பி. தொடங்க இன்னும் நேரம் இருந்தது. சலீம் பாய் ஆட்டோவைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். என் கணவரும் துப்புரவுப் பணியாளர் அஞ்சம்மாக்காவும் என்னைச் சக்கர நாற்காலியில் இறக்கி உள்ளே தள்ளிப்போய், மேஜைக்குப் பின்னால் இருந்த மர நாற்காலிக்கு மாற்றினார்கள்.

"இந்த வண்டிய இங்கயே வச்சிடவா சிஸ்டர்? கைக்கு எட்டுற மாதிரி இருக்கும்ல?" என்று அஞ்சம்மாக்கா கேட்டார்.

"வேணாங்கா. தடுப்பூசி ரூமுல ஃப்ரிட்ஜுக்குப் பின்னால மடக்கி வச்சிடுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மடக்கி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன்பு நான் நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியர். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் வேலை. கர்ப்பிணிகளுக்கு பி.பி. பார்ப்பது, குழந்தைகளுக்கு ஊசி போடுவது, பிரசவம் முடிந்த வீடுகளுக்குப் போய் வருவது. சாலையில் காயப்போட்டிருந்த வைக்கோலில் ஒருநாள் வண்டி சறுக்கி, வாய்க்கால் மதகுக் கட்டையில் முதுகு அடித்து விழுந்தேன். இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. மருத்துவமனையிலும் வீட்டிலுமாக வெகுநாள் கிடந்தபின், உட்கார்ந்து பார்க்கிற வேலையாக, கர்ப்பிணிகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற மேஜையை எனக்குக் கொடுத்தார்கள்.

மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் நான் பழைய வசந்தா சிஸ்டர். பொட்டு, சீருடைப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. ஊர்ப் பெண்கள் வந்து, "நர்சம்மா, கால் தேவலாமா?" என்று கேட்பார்கள். "தேவலாம், பரவால்ல" என்பேன். கடைசி ஆள் போகும்வரை எழுந்திருக்காமல் இருப்பதற்கு, வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்வேன். எல்லோரும் போன பிறகு ஆட்டோ பின்பக்கம் வரும்.

பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைப் பக்கம் போக வேண்டும், வராந்தாவைக் கடக்க வேண்டும், வராந்தாவில் கூட்டம் இருக்கும். சிறுநீர்த் தொற்று வந்து வந்து போனது. இதெல்லாம் மற்ற பெண்களிடம் கண்டால் நான்தான் முதலில் திட்டியிருப்பேன்.

2. வடகரைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

வடகரை கவிதா என் பழைய ஊர்ப் பெண். முதல் தடவை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது பி.பி. ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். குழந்தை தங்கவில்லை. ராத்திரி பகலாக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டாவது முறை உண்டானபோதும் பி.பி. ஏறியது. தேதிக்கு முன்பே போய் அட்மிட் ஆகச் சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். இவள் போகவில்லை. மாமியார் ராசம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா நர்சம்மா. மொதப் புள்ளைய அங்கதான பறிகொடுத்தேன், திரும்ப அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு செவுத்தப் பாத்துப் படுத்துக்கிறா. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா கெளம்பிடுவா."

"நான் போன்ல பேசுறேனே?"

"போன யாரு அவ எடுக்கறா? நீங்க நேர்ல வாங்க. உங்களுக்கு என்ன வேணுமோ நாங்க எல்லாம் பாத்துக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. வீட்டுக்காரருக்கு அன்று கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. சலீம் பாயோடு தனியாகத்தான் கிளம்பினேன். நாற்காலி பின்சீட்டில் என் பக்கத்தில் மடங்கிக் கிடந்தது.

வடகரை மதகில் ஆட்டோ நின்றது. அதற்கு மேல் தெரு குறுகல். மதகுக் கட்டையில் நாலைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்கூட்டியில் வரும்போது அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். எதிர்ப்பக்க வயலில் நடவு. பெண்கள் குனிந்தவாக்கிலேயே தலையைத் திருப்பி ஆட்டோவைப் பார்த்தார்கள்.

"இறங்கலாமா மேடம்? ஒரு பக்கம் நான் புடிச்சுக்கிறேன், அங்க ஒக்காந்திருக்கவங்கள்ல ஒருத்தர கூப்பிட்டா போதும்" என்றார் சலீம் பாய்.

அந்த ஆண்களில் ஒருவர் அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்குவார். கால்கள் தொங்கும். புடவை விலகும். ஊரே பார்த்திருக்க மூட்டை இறக்குவது மாதிரி என்னை இறக்குவார்கள். இந்தத் தெருவில் எத்தனையோ பெண்களை, தைரியமாக இரு என்று அதட்டியிருக்கிறேன்.

"வேணாம் பாய். வண்டியத் திருப்புங்க."

"இவ்ளோ தூரம் வந்துட்டா?"

"திருப்புங்க பாய்."

வீட்டுக்கு வந்து ராசம்மாவின் போனுக்கு அடித்தேன். கவிதாவிடம் கொடுத்தார்.

"அக்கா, வரேன்னு சொன்னீங்களே?"

"காய்ச்சல் கண்ணு. எழுந்திரிக்க முடியல. நான் வந்தா என்ன, சொன்னா என்ன? நாளைக்கே போய் அட்மிட் ஆயிடு. பயப்படாத."

"சரிக்கா" என்றாள்.

அவள் போகவில்லை. சில நாள் கழித்து வீட்டிலேயே வலிப்பு வந்து, 108 வண்டியில் தூக்கிப் போனார்கள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன. குழந்தை பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. நான் நேரில் போயிருந்தால் அவள் கிளம்பியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. போகவில்லை என்பது மட்டும்தான் தெரியும். போய்ப் பார்க்கவும் முகமில்லை. போன் செய்து கேட்கவும் இல்லை.

3. முன்வாசல்

அடுத்த வருஷம் மர நாற்காலி என்னைப் பழிவாங்கியது. உணர்வு இல்லாத இடத்தில் அழுத்தப் புண் வந்து, எலும்பு தெரியும் அளவுக்குப் போனது. மறுபடி ஆபரேஷன், மறுபடி மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. திரும்ப வேலைக்கு வந்தபோது டாக்டரம்மா மேஜைக்குப் பின்னாலிருந்த மர நாற்காலியையே தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்.

"மெத்தை போட்ட உங்க வீல்சேர்லதான் இனிமே உக்காரணும். மறைச்சு மறைச்சு உயிரையே விடப் பாத்தீங்களே சிஸ்டர்."

வேறு வழி இல்லாமல்தான் முன்வாசல் வழியாக, ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே நாற்காலியை உருட்டிக்கொண்டு போனேன். பேச்சு நின்றது. ஒரு கிழவி உச்சுக் கொட்டினார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "இதுக்கு பிரேக் இருக்கா நர்சம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று காட்டினேன். பதினொரு மணி வாக்கில் எல்லோரும் சத்து மாத்திரைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இத்தன நாள் தெரியாம இருந்தவங்களுக்கு இன்னிக்குத் தெரிஞ்சு போச்சுக்கா" என்றேன் அஞ்சம்மாக்காவிடம்.

"தெரியாதவங்க யாரு சிஸ்டர்?" என்றார் அவர். "எல்லாருக்கும் அப்பவே தெரியும். நீங்க சங்கடப்படுவீங்கன்னு யாரும் கேக்கல."

4. மறுபடியும் வடகரை

சம்பா அறுவடை முடிந்த சமயம் வடகரையில் மருத்துவ முகாம் போட்டார்கள். அஞ்சம்மாக்காவோடு நானும் போனேன். மதகில் இரண்டு பேர் என்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள். புடவை கொஞ்சம் விலகத்தான் செய்தது. முன்பே நடவு வயலில் பார்த்துப் பழகிய ஒரு பெண் சரிசெய்துவிட்டு, தன் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே கூட வந்தாள்.

முகாம் முடிந்து கவிதா வீட்டுக்குப் போனேன். ராசம்மா மட்டும் இருந்தார். மகனும் மருமகளும் குழந்தையோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

அந்த வீட்டுக்கு உயரமான மூன்று படிகள் உண்டு. எத்தனை தடவை ஏறியிருக்கிறேன். இப்போது படிகளின் ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, சறுக்கலாகச் சரிவு கட்டியிருந்தது. ஓரங்கள் உடைந்திருந்தன.

"இது எப்ப கட்டுனீங்க?" என்றேன்.

ராசம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வரேன்னு சொன்ன அந்த வாரந்தான். அக்கா எப்புடி ஏறுவாங்கன்னு அவதான் கேட்டா. எம்மவன் ராவோட ராவா கட்டுனான். மதகாண்ட ஆட்டோ வந்து நின்னப்ப நாங்க எல்லாம் வாசல்லதான் நின்னோம். அவளும் எழுந்து வந்து நின்னா."

அந்தச் சரிவு கொஞ்சம் செங்குத்து. அஞ்சம்மாக்காவும் ராசம்மாவும் சேர்ந்து தள்ளித்தான் ஏற முடிந்தது. உள்ளே காப்பி கொடுத்தார். பிறகு கவிதாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல்.

"கவிதா, நான் வசந்தா பேசுறேன். உங்க வீட்டுலதான் இருக்கேன்."

"அப்படிங்களா மேடம். நல்லா இருக்கீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்றாள். பாப்பா நன்றாக இருப்பதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் வருகிறார் என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் பேசியிருக்கிறோம். மரியாதையாகப் பேசுவாள். அக்கா என்ற சொல் திரும்பி வரவில்லை.

ஓய்வு பெற்றுவிட்டேன். கூச்சம் போய்விட்டதா என்று இப்போது என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தால் இன்றும் முகம் சூடாகிறது. அது தீர்ந்த பிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தேன். அது தீருகிற விஷயம் இல்லை. இந்த நிலைமையில் வேலைக்குத் திரும்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கூச்சத்தோடேயே போய்விடுங்கள். அங்கே உங்களுக்காக யாராவது வாசலில் நின்றுகொண்டிருக்கலாம்.