மங்கலில் மறைந்த மஞ்சள் சட்டை

வெள்ளானூரில் நாங்கள் கட்டிவரும் வீட்டைப் பார்க்க ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு போயிருந்தோம். கணவர் மாடிக்குப் போனார். நான் மூத்த மகளை நிற்கவைத்து, புதிய போர்ட்ரெய்ட் லென்ஸில் படமெடுத்தேன். அதில் ஃபோகஸ் வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும். ஒளி நுழையும் துவாரமான அபெர்ச்சரை முழுதாகத் திறந்தால் கண்ணிமை மட்டும் கூர்மையாகத் தெரியும், பின்னணி மொத்தமும் கரைந்துவிடும்.

அந்த மங்கலில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. இரண்டு வயது மகனின் சட்டை என்று எனக்குத் தெரியும். திடீரென்று அது இல்லை. பின்னணி சுத்தமாகிவிட்டது என்று நினைத்து, இன்னும் இரண்டு படம் எடுத்தேன்.

அங்கே வேலையிலிருந்த கொத்தனார் தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் மூடாத சம்ப் தொட்டியிலிருந்து அவர் தூக்கியபோது மகனின் உதடு நீலமாக இருந்தது. இருமினான், பிறகு அழுதான்.

"இன்னாம்மா, கொயந்தய உட்டுட்டு போட்டோ புட்ச்சிகினு கீறியே! கண்ணு தெர்ல?" என்று கத்தினார். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் இன்னொரு பெரியவர் சின்னவனின் கையைப் பிடித்து, "புடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகிறேன். அப்படியும் பிடியை விட்டிருப்பாரோ என்று தோன்றும். பெரும்பாலும் ஃபோகஸ் கிடைப்பதற்கு முன்பே கேமராவை இறக்கிவிடுகிறேன்.