ரவுட்டரில் குத்திய ஊக்கு

அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டு நெட் ஒரே தொல்லை. சித்தப்பா வந்து சரிசெய்தால் அன்று பொழுதுக்கும் ஒழுங்காக இருக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் படுத்துவிடும்.

ஐதராபாத் மௌலா அலியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் எங்களுடையது. சித்தப்பா போவன்பள்ளியிலிருந்து, எங்கள் வீட்டுக்கு எதிர்த் திசையில் இருக்கும் மாதாப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். ஆனால் அந்த நாட்களில் காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையும் ஆபீஸ் பையுமாக எங்கள் வாசலில் வந்து நிற்பார்.

"நல்ல வேளை வந்தீங்க தம்பி, நெட்டு வரல" என்பாள் அம்மா.

அவர் அலுப்போடு லேப்டாப்பைத் திறப்பார். "டி.என்.எஸ்.தான் பிரச்சினை" என்பார். அப்படியென்றால் என்னவென்று கேட்டேன்.

"நீ பேரைச் சொன்னா வீட்டு நம்பரைச் சொல்ற வாட்ச்மேன். நம்ம வாட்ச்மேன் தூங்குறான். வேற ஆளைப் போடுறேன்."

ஏதோ எண்களை அடிப்பார். எல்லாம் திறக்கும். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்" என்று சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வரை அங்கேயே இருப்பார்.

ஒரு நாள் காலையில் நெட்டைக் கெடுக்கிற ஆளைப் பிடித்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்பிய அப்பா, அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, ரவுட்டரின் பின்னால் இருந்த ஓட்டையில் குத்தி அழுத்தினார். விளக்குகள் அணைந்து எரிந்தன. சித்தப்பா போட்டதெல்லாம் அழிந்துபோயிற்று.

"சித்தப்பாட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றார். அம்மா ஊக்கை வாங்கி வளையலில் மாட்டிக்கொண்டாள்.

சொல்லாமல் இருப்பேனா? சித்தப்பா வந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"ஹவ், ஆமா, தெரியும்."

"அப்ப அப்பாவைக் கேளுங்க!"

"நக்கோ குட்டி, கேக்க வேணாம். எனக்குத் தெரியும்னு அவர்ட்ட சொல்லிடாதே."

கண்களைக் கசக்கிக்கொண்டு அதே எண்களை மறுபடி அடித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒருவர் கெடுப்பார், ஒருவர் சரிசெய்வார், நடுவில் போவது என் கார்ட்டூன்.

சித்தப்பாவுக்கு வேலை போயிருந்தது. சித்தியிடம் சொல்லத் தைரியமில்லாமல் தினமும் ஆபீசுக்கென்று கிளம்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா அதைப் பற்றித் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

பள்ளி திறக்கும் சமயத்தில் சித்தப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தது. வருவது நின்றுபோயிற்று. அதன் பிறகு எங்கள் வீட்டு நெட் கெடவே இல்லை.

அப்பா ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.