கட்டைவிரலால் மறைத்தவர்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். சாயம் பூசாத நரை, மடியில் சாப்பாட்டுப் பை. கைப்பேசியில் எந்தப் படம் வந்தாலும், அதன்மேல் இருக்கும் வாசகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் பார்த்தார்.

தேர்தல் நேரம் அது. எனக்கும் ஒரு படம் வந்தது. கோபுரத்தடியில் உடைந்த சிலைகள், பக்கத்தில் லோரி. 'நம் கோயிலை இடிக்கிறார்கள்!' என்று சிவப்பெழுத்து, ஆளுங்கட்சிக்காரர் ஒருவரின் பெயரோடு. என் கல்யாணம் நடந்த கோயில். அங்கே போய் நாளாகியிருந்தது. உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பப் போனேன்.

"தம்பி, கொஞ்சம் இருங்க லா."

என் திரையிலேயே விரலை வைத்து எழுத்தை மறைத்தார். "இப்ப பாருங்க."

கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. உச்சியில் ஒருவர் தூரிகையோடு நின்றார். பாதிச் சிலைகளில் புது வர்ணம்.

"இடிக்கிற கோயிலுக்கு யாராச்சும் பெயின்ட் அடிப்பாங்களா? கும்பாபிஷேகத்துக்கு வேலை நடக்குது. உடைஞ்ச பழசை இறக்கி வச்சிருக்காங்க."

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. சிரித்தேன்.

"அந்தக் கட்சியைக் கண்டாலே எனக்கு ஆகாதுக்கா. அதான் பார்த்ததும் நம்பிட்டேன்."

"எனக்கும்தான் ஆகாது," என்றார் அவர், பையை எடுத்துக்கொண்டு எழுந்தபடி. "அதுக்குத்தான் இந்த விரலு."